வடிகட்டியில் தங்கிய சக்கை

மூன்று வருடம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தேன். வடிகட்டியில் தங்கிய சக்கையை வீட்டுக்காரி ரோஜாத் தொட்டியில் கொட்டுவாள். செடி செழித்தது. எனக்கு மட்டும், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த ஹெச்பிஏ1சி 9.4-ஐ விட்டு இறங்கவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், பிறை என்ற ஊரில். பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். இனிப்பு நீர் இருப்பது 47 வயதில் தெரிந்தபோது வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. அப்பாவுக்கு இருந்தது. சின்னம்மாவுக்கு இருந்து, டயாலிசிஸ் வரை போனது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ஏறக்குறைய மூன்று இலைக்கு ஓர் இலை.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் கிடைத்துவிடும். மெட்ஃபார்மின் கொடுத்தார்கள், பிறகு கிளிக்லசைடும் சேர்ந்தது. ஆனால் என் மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்: மாத்திரை என்றால் ரசாயனம், சாறு என்றால் இயற்கை. சாறு கெட்டியாக இறங்கிய நாளில் மாத்திரையை விட்டுவிடுவேன். தொழிற்சாலையில் ஒரு பொருளின் அளவு கொஞ்சம் விலகினாலே முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவன், வீட்டில் கண்ணளவில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூத்து பாலத்தின் மேல்தான் முடிந்தது.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒருவர் மூலிகை கேப்சூல் விற்றார். பாட்டிலில் முருகன் படம். இரண்டு வாரம் சாப்பிட்டேன். காலைச் சர்க்கரை அளவு (எங்கள் ஊரில் மில்லிமோல் கணக்கு) 10-லிருந்து 6-க்கு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரை ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. ஒரு நாள் காலை ஷிப்ட். விடியற்காலையிலேயே சாறு, இரண்டு கேப்சூல், அன்றைக்கு ஞாபகமாக கிளிக்லசைடும். பசியாறலை கேன்டீனில் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். பாலத்தின் நடுப்பகுதியில் லாரி ஒன்று பழுதாகி, வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. முதலில் கை நடுங்கியது. பிறகு வியர்வை. ஏர்கோன் முகத்திலேயே அடிக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. பக்கத்தில் இருந்த மலாய் அக்கா ஏதோ கேட்கிறார். உதடு மரத்துப்போய் எனக்குப் பதில் வரவில்லை. அவர் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பையிலிருந்த மைலோ என்ற இனிப்புப் பானப் பெட்டியில் ஸ்ட்ராவைக் குத்தி என் வாயில் வைத்துவிட்டார். அவர் கணவருக்கும் இதே நோய்.

தொழிற்சாலைக் கிளினிக்கில் பார்த்தபோது 3.4. மைலோ குடித்து அரை மணி நேரம் கழித்து! 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. அதற்கு முன் எவ்வளவில் இருந்தேன் என்று நினைத்துப் பார்க்க எனக்கு இன்றும் விருப்பமில்லை. கிளிக்லசைடு மாதிரி, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாயாவது இருக்க வேண்டும். மயக்கம் தட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் அளவு பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்ததுதான். காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார், என் மகள் வயது. "அங்கிள், அந்தப் பாட்டிலக் கொண்டு வந்தீங்களா?" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. மூலிகை என்று விற்கிற சரக்கில் ஆங்கில மருந்தையே தூளாக்கிக் கலப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறதாம். என் பாட்டிலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வாரத்தில் 10-ஐ 6 ஆக்குகிற வேகம் இலை தழைக்கு ஏது என்று இப்போது தோன்றுகிறது. பதிவு எண் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் தொடாதே, அவ்வளவுதான்.

பாகற்காய்ச் சாற்றைப் பற்றியும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "சக்கைய என்ன பண்றீங்க?"

ரோஜாவுக்கு என்றேன். சிரித்துவிட்டார். வரிசையில் பின்னால் ஆள் இல்லாததால் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு ராத்திரி ஷிப்டு ஓய்வு நேரங்களில் நானே தேடிப் படித்ததுதான் இனி வருவது.

நாம் சாப்பிடும் காய், கீரை, பருப்பில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று நார். இன்னொன்று கசப்பு, துவர்ப்பு, நிறம் எல்லாவற்றுக்கும் காரணமான பாலிஃபீனால்கள். நாரைச் செரிக்க நம் உடம்பிடம் சாமான் கிடையாது. பாலிஃபீனால்களிலும் பெரும்பங்கு சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. மேலே நமக்கு ஆகாதது, கீழே அவற்றுக்குப் பந்தி. நாரைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடல் சுவரில் இருக்கும் சில செல்களை உசுப்பிவிட, அவை ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இன்சுலின் வேண்டிய நேரத்தில் சுரக்கவும் வயிறு மெதுவாகக் காலியாகவும் பசி அடங்கவும் உதவும் ஹார்மோன். வாரம் ஒருமுறை போடும் அந்த ஒசெம்பிக் ஊசி இருக்கிறதே, அது இந்த ஹார்மோனைப் போலவே நடந்துகொள்ளும் மருந்துதான். உடனே வெண்டைக்காயும் ஊசியும் ஒன்று என்று கிளம்பிவிடாதீர்கள். குடலில் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி ஒரு வாரம் நிற்கும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வயித்துல கிருமியா? தோட்டத்துல இருக்கறப்ப அதுக்குத்தானேடா உனக்கு விளக்கெண்ண கொடுத்தேன்?" கிருமி என்ற சொல்லே நம் வீடுகளில் கெட்ட சொல். கடைசியில் தயிரை உறைய வைக்கிறதும் கிருமிதான் என்று சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

இன்னொரு விஷயம் என் கோட்டையே அழித்தது. நான் ரசாயனம் என்று ஒதுக்கிய மெட்ஃபார்மினுக்கு ஒரு செடிதான் மூதாதை. ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்து நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற நீலப் பூச்செடி. அதிலிருந்த சரக்கு சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதன் வழியில் பாதுகாப்பான ஒன்றைத் தேடிப் போய், 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அதோடு கதை முடியவில்லை. மெட்ஃபார்மின் வேலை செய்வதில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் மலத்திலிருந்த பாக்டீரியாக்களைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றியபோது, எலிகள் சர்க்கரையைக் கையாளும் விதம் மேம்பட்டது. மாத்திரை தொடங்கிய புதிதில் எனக்கு வயிறு கலக்கியதை ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்தியவன் நான். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு, அளவை மெல்ல மெல்ல ஏற்றியிருந்தால் அடங்கியிருக்கும். இரண்டாவது முறை அப்படித்தான் அடங்கியது.

மச்சான் ஒருவர், என் வீட்டுக்காரியின் அண்ணன், இதைக் கேட்டதும் மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் மாத்திரையை ஆன்லைனில் தேட ஆரம்பித்துவிட்டார். பெர்பெரின் வெறும் கதை இல்லை. சீனாவில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 400-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. சர்க்கரை குறைந்தது, குடலில் பித்த அமிலங்களை மாற்றும் ஒரு பாக்டீரியாவைப் பெர்பெரின் அடக்குவது அதற்கு ஒரு வழி என்றும் காட்டினார்கள். ஆனால் வயிற்றுத் தொல்லையும் கூடவே வந்தது. தவிர, மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் வேகத்தையே பெர்பெரின் மாற்றக்கூடியது. மச்சான் சாப்பிடுவது மொத்தம் ஆறு மாத்திரை. டாக்டரிடம் கேட்காமல் ஏழாவதைச் சேர்க்காதீர்கள் என்றேன். பாலத்து மேல் கிடந்தவன் பேச்சு என்பதால் கொஞ்சம் எடுபட்டது.

சரி, சக்கைக்கு வருவோம். பாகற்காய்ச் சாற்றைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றில் கொஞ்சம் குறைகிறது, சிலவற்றில் ஒன்றுமில்லை. நான் கண்டது அதைவிடச் சின்ன விஷயம். வடிகட்டும்போது நார் முழுக்கத் தொட்டிக்குப் போயிற்று. பாக்டீரியாக்களுக்குப் போக வேண்டியதை ரோஜாவுக்குப் போட்டிருக்கிறேன். வெந்தயத்திலும் இதே தப்பு. ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டினோம். வெந்தயத்தின் வழவழப்பு இருக்கிறதே, கேலக்டோமன்னன் என்ற கரையும் நார், அதுதான் மாவுச்சத்து ரத்தத்தில் இறங்கும் வேகத்தைத் தடுப்பது. அதில் பெரும்பகுதி விதையிலேயே இருக்கிறது. இப்போது ஊறிய விதையை மென்றே சாப்பிடுகிறேன், இரண்டு தேக்கரண்டி. ஜூஸ் மெஷின் அலமாரி மேல் ஏறிவிட்டது. பாகற்காய் பொரியலாக வருகிறது, வாரத்தில் இரண்டு நாள், மருந்து என்ற பட்டம் இல்லாமல்.

எனக்கு எவ்வளவு நார் சேர்கிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்கு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வேண்டும். காலையில் ரொட்டி சானாய், மதியம் கோழிக்கறியோடு வெள்ளைச் சோறு, ராத்திரி மீ கோரெங். மொத்தம் 10 கிராம் தேறவில்லை. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் கூடக் கிடையாது. அரை கப் வெந்த பருப்பில் 7 கிராம் இருக்கிறது.

உடனே ஆவேசம் வந்துவிட்டது. கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, வெண்டைக்காய், நாற்றமடிக்கும் பெத்தாய்க் கொட்டை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்கினேன். எங்கள் வேலையிடம் தூசி புகாத கிளீன் ரூம். தலை முதல் கால் வரை அங்கி, மூடிய அறை, எட்டு மணி நேரம். மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என்னை வெளி வேலைக்கு மாற்றிவிட்டு, "பெத்தாய்?" என்று மட்டும் கேட்டார். குடலில் இருக்கும் கூட்டத்துக்கும் பழக நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு கரண்டி வீதம் கூட்டி, தண்ணீரும் கூடக் குடித்தால் தொல்லை வராது. இரண்டாவது முயற்சியில் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன்.

அளவு பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று ஒரு வெள்ளிக்கு மேல் ஆகிறது. அதனால் கண்டபடி குத்திக்கொள்ளவில்லை. வீட்டு மெஷின் 15 விழுக்காடு வரை கூடக் குறையக் காட்டலாம். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டினால் என் தொழிலுக்கே அவமானம். ஒவ்வொரு சாப்பாட்டையும் மூன்று வெவ்வேறு நாள் அதே அளவு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, சராசரி எடுத்தேன். சோறும் கோழிக்கறியும் மட்டும்: 12.6. அதே சோறு, அதே கறி, ஆனால் முதலில் ஒரு கிண்ணம் வெண்டைக்காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு: 10.2. ராத்திரி வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைச் சூடாக்கி: 11.5. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிவிடுகிறது. அது நார் மாதிரி கீழே போகும். ஆயா பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது ஞாபகம் வந்தது. ஆனால் ஆயா அதைச் சாப்பிட்டுவிட்டுப் ரப்பர் பால் வெட்டப் போனார். நான் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன். அளவில்லாமல் சாப்பிட்டால் பழைய சோறும் ஏற்றத்தான் செய்யும்.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குச் சில மாதம் பிடித்தது. காயை முதலில் சாப்பிட்டால் அன்றைக்கே அளவு இறங்குவது பாக்டீரியா வேலை இல்லை. நார் வயிற்றில் கூழாகி வழியை மறிக்கிறது, அவ்வளவே. பாக்டீரியாவின் கணக்கு மெதுவானது. ராத்திரி பயறு சாப்பிட்டால் மறுநாள் காலைப் பசியாறலுக்குப் பிறகு ஏற்றம் குறைவது அதில் சேரும். டேவிட் ஜென்கின்ஸ் என்பவரின் குழு 1982-லேயே பருப்பு வகைகளுக்கு இப்படி அடுத்த வேளை வரை நீளும் பலன் உண்டென்று எழுதியிருக்கிறது. ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று இன்று பேக்கெட்டில் போடுகிறார்களே, அதைக் கொண்டுவந்தவரும் இவர்தான். என் காலை அளவு 9 சொச்சத்திலிருந்து 7-க்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன், சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடந்தேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியாது. "வெறும் வெந்தயத்திலேயே குறைத்தேன்" என்று யாராவது சொன்னால், வேறு என்னென்ன மாற்றினார் என்று கேளுங்கள்.

ஒருவர் சாப்பாடு இன்னொருவருக்கு ஒத்துவரும் என்றும் இல்லை. மச்சானும் நானும் ஒரே தட்டு அளவு இடியாப்பம் சாப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு 12-ஐத் தாண்டியது, அவருக்கு 9. தோசையில் தலைகீழ். இஸ்ரேலில் 800 பேரை வைத்து 2015-இல் செய்த ஆய்வு இதைத்தான் சொல்கிறது: ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறு வேறாக ஏறுகிறது, குடல் பாக்டீரியாக்கள் அதில் ஒரு காரணம். மாதுளை மாதிரிப் பழங்களில் இருக்கும் துவர்ப்புச் சத்தை யூரோலித்தினாக மாற்றும் பாக்டீரியாக்களும் எல்லார் குடலிலும் கிடையாது. ஆகவே என் எண்களை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். முறையை எடுத்துப் போங்கள்.

வெளியே சாப்பிடுவதை விட்டுவிட்டு பினாங்கில் வாழ முடியாது. நாசி கண்டார் கடையில் இப்போது என் வரிசை இதுதான்: முதலில் வெண்டைக்காய், முட்டைக்கோஸ், பிறகு மீனோ கோழியோ, கடைசியில் அரைத்தட்டு சோறு, குழம்பு ஓரமாக. கடைக்காரர் முதல் நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது நான் போனாலே வெண்டைக்காய்க் கரண்டியைத் தூக்கிவிடுகிறார். தே தாரிக் என்ற இனிப்புப் பால் டீ போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் மாதம் கஷாயம் குடிப்பது போலத்தான் இருந்தது.

கேன்டீனில் எனக்கு உண்மையான வாத்தியார் அந்த மைலோ அக்காதான். தினமும் ஒரு டப்பாவில் ஊலாம் கொண்டுவருவார்: வல்லாரை, ஊலாம் ராஜா, சிறகவரை, எல்லாம் பச்சையாக, சம்பால் பெலாச்சானோடு. நம் வீட்டில் வல்லாரை என்றால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு. அவர் வீட்டில் அது சோற்றுக்குத் தொடுகறி. ஊலாம் ராஜாக் கீரையில் குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்கள் நிறைய. நம் நாட்டிலேயே நீரிழிவு உள்ளவர்களுக்குத் தினம் 15 கிராம் கொடுத்து எட்டு வாரம் பார்த்திருக்கிறார்கள், இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாத நிலை, குறைந்தது. 15 கிராம் என்பது ஒரு கைப்பிடி. சாயந்தரச் சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் மூன்று நாளைக்கு வரும். பூச்சிமருந்து போக நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு முழுக்கப் பொருந்தாது. டயாலிசிஸில் இருந்த சின்னம்மாவுக்கு யாரோ நல்லதென்று சொல்லி விளிமிப்பழச் சாறு கொடுக்கப் பார்த்தார்கள். அந்த நட்சத்திர வடிவப் பழம் இருக்கிறதே, பெலிம்பிங். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது மூளையையே தாக்கும் நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பில் போய் நிற்கும். மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் பார்த்துத் தட்டிப் பறித்ததால் தப்பித்தார். கீரை, பருப்பு கூட அவர்கள் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், பொட்டாசியம் ஏறும்.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தோம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல், ரோஜா சிரப் கலந்த பால். மறுத்தால் கொடுக்கிறவர் முகம் வாடும். மோர் இருந்த பந்தலாகப் பார்த்துப் பார்த்துப் போனேன். கடைசியில் ஓரிடத்தில் சின்னப் பையன் ஒருவன் நீட்டியதை அரை டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, 500-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறிவிட்டேன். அன்றைக்கு அளவு பார்க்கவில்லை.

இப்போது ஹெச்பிஏ1சி 7.0. டாக்டர் கிளிக்லசைடைப் பாதியாகக் குறைத்தார், அவராக. மெட்ஃபார்மின் அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு மச்சான் சாப்பிட வந்தார்.

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டீங்களா, மாப்ள?"

"இல்ல மச்சான்."

"இவ்வளவு புல்லு பூண்டெல்லாம் தின்னு, அதுவே நிறுத்த முடியலன்னா என்னதான் பிரயோசனம்?"

பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும் என்று வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். ஆறினால் நல்லதுதான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி தட்டைப்பயறு வைத்தேன்.